மாமா அனுப்பிய மூன்று கேள்விகள்

அத்தை புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கினால் எங்கள் வீட்டில் முதலில் அவதிப்படுவது கட்டில்தான். சோளக்கதிர் வியாபாரம் நடந்த வருடம் கட்டிலின்மேல் சாக்குகள் படுத்தன, நாங்கள் தரையில் படுத்தோம். கேரட் வந்தபோது கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். ஜீப் டிரைவர்களுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியதும் அது வீட்டைவிட்டே வெளியேறி, கடையில் டிரைவர்கள் உட்காரும் பலகையாகிவிட்டது. சின்னக்கானலில், எஸ்டேட் லயத்தில், ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடு எங்களுடையது. அதில் இப்படி ஓர் அத்தையோடு வளர்ந்த எனக்கு, சாமான்கள் வைத்த இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை இன்றுவரை வரவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான ஒரே வருடத்தில் திரும்பி வந்தவள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, அவளுக்குப் பேச நேரமும் இருந்ததில்லை. அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்தார், அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். அத்தையும் இரண்டு வருடம் அம்மாவோடு மலையேறிப் பார்த்தாள். அதே செடி, அதே கொழுந்து, அதே கூடை என்று அலுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் நடந்துகொண்டே சாப்பிடுவாள்.

அப்பாவுக்கு அத்தைமேல் இருந்த கோபம் விசித்திரமானது. அவள் எதிலும் தோற்றதில்லை, அதுதான் கோபம். வியூ பாயிண்டில் சோளக்கதிர் அவித்து விற்றாள், நன்றாக ஓடியது. ஓட ஆரம்பித்த வருடமே அடுப்பையும் அண்டாவையும் பக்கத்து லயத்து அக்காவிடம் ஒப்படைத்துவிட்டாள். கேரட்டும் அப்படியே கைமாறியது. இப்போது ஜங்ஷனில் தகரக் கொட்டகைச் சாப்பாட்டுக்கடை. மதியம் அங்கே நிற்க இடமிருக்காது. அப்பாவுக்கு அந்தக் கொட்டகைமேல் ஓர் ஆசை இருந்தது, ஃபேக்டரியை விட்டுவிட்டு அங்கே முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம் என்று. அத்தையோ அதையும் யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கத் துடித்துக்கொண்டிருந்தாள்.

“முங்கும்போது குதிக்கிறவனப் பாத்திருக்கேன். நல்லா மிதக்கும்போது குதிக்கிறவ இவ ஒருத்திதான்” என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். அத்தை காதில் விழும்படிதான் சொல்வார்.

அத்தைக்கு யோசனை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் தூரத்து உறவில் ஒருவர் மூணாறில் இரண்டு லாட்ஜ் வைத்திருந்தார். அவர் வீட்டுப் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததில்லை. அவள் கேட்பது என் மாமாவிடம் மட்டும்தான். மாமா அம்மாவின் அண்ணன். காளான் குடில் போட்டார், பழைய ஜீப் வாங்கி ஓட்டினார், அடிமாலிப் பக்கம் ஹோட்டல் திறந்தார், கடைசியாக இஞ்சி சோடா கம்பெனி வைத்தார். நான்கும் வரிசையாக முங்கின. விசாரிக்கிறவர்கள் தொல்லை தாங்காமல் போனிலிருந்து சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு, சித்திரபுரத்தில் மாமியின் கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸோடு அடங்கிவிட்டார். மாமி ஆபீசுக்குப் போனதும் துணி காயப்போடுவார், மீன் கழுவுவார். மீதி நேரம் மதில்மேல் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஜெயித்தவனை விட்டுவிட்டு முங்கினவனிடம் போய் வழி கேட்கிறாளே என்று அப்பா சிரிப்பார். முங்கினவன் தன் அண்ணன் என்பதால் அம்மாவுக்கு மூக்கு சிவந்துவிடும். அப்பா அதற்குள் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

வேடிக்கை என்னவென்றால், மாமா யோசனையே சொல்ல மாட்டார். கேள்விதான் கேட்பார். சோளக்கதிர் போடப்போகிறேன் என்று அத்தை போய் நின்றபோது, மழை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாராம். அத்தை முகம் வாடித் திரும்பி வந்தாள். இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு எங்கிருந்தோ பெரிய தார்ப்பாய் ஒன்று தேடிக் கொண்டுவந்து கட்டினாள். மழை நாளில்தான் கூட்டம் அவள் கடையில் ஒதுங்கிச் சூடாகக் கதிர் கடித்தது. கேரட்டுக்கு, காரில் வருகிறவன் மண்ணோடு இருப்பதை எங்கே வைப்பான் என்று கேட்டார். அதன் பிறகுதான் அவள் கழுவி, தழையோடு கட்டி, நடந்துகொண்டே கடிக்கும்படி கையில் கொடுத்தாள். சாப்பாட்டுக்கடைக்கு ஒரே கேள்வி, ஜீப்காரன் எத்தனை மணிக்குச் சாப்பிடுவான் தெரியுமா என்று. மற்ற கடைகளில் இரண்டு மணிக்குச் சோறு தீர்ந்துவிடும். மேலே சவாரி போன டிரைவர்கள் மூன்றரைக்குத்தான் பசியோடு இறங்குவார்கள். அத்தை மூன்று மணிக்கு உலை வடித்தாள்.

இதெல்லாம் இப்போது கோத்துச் சொல்லும்போது அழகாகத் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவின் கேள்வி வந்தால் அத்தையின் முகம் வாடும், வீட்டில் ரெண்டு வாரத்துக்குச் சிரிப்பு இருக்காது என்பது மட்டும்தான். மாமாவுக்குப் பொறாமை என்றே முடிவு கட்டியிருந்தேன். தன்னால் முடியாததை இன்னொருத்தி செய்கிறாளே என்ற எரிச்சல்.

அந்தக் கேள்விகளைச் சுமக்கிற வேலை ஐந்தாம் வகுப்பில் என் தலையில் விழுந்தது. என்னைச் சித்திரபுரம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பள்ளி நாட்களில் மாமா வீடு, சனிக்கிழமை காலை எங்கள் வீடு, ஞாயிறு சாயங்காலம் மறுபடி மாமா வீடு. மூணாறில் பஸ் மாற வேண்டும். அங்கிருந்து சின்னக்கானல் பக்கம் போகும் ஜீப்காரர்கள் எல்லாரும் அத்தையின் சோற்றைத் தின்றவர்கள் என்பதால் யாராவது ஏற்றிக்கொள்வார்கள். மாமாவிடம் போன் கிடையாது. எழுதித் தாருங்கள் என்று கேட்டால், எழுதினால் புத்தி சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பார். ஆகவே நான் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒரு சொல் பிசகாமல் அத்தையிடம் ஒப்பிக்க வேண்டும். அத்தை சொல்லும் பதிலை அதேபோலத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடத்துச் செய்யுளே எனக்கு மனதில் நிற்காது, இது வேறு.

அந்த வருடம் அத்தை பிடித்துக்கொண்டது சர்பத். காந்தலூரில் தோட்டக்காரர்களிடம் விற்காமல் தங்கிப்போகும் பேஷன் ஃப்ரூட்டை மூட்டையாக வாங்கி, சாறெடுத்து, சர்க்கரைப் பாகில் கலந்து பாட்டிலில் அடைப்பது. முதலில் ஆறு பாட்டில் செய்து பார்த்தாள். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டின் கடைக்காரர் ருசி பார்த்துவிட்டு நாற்பது பாட்டில் கேட்டார். ரெண்டு வாரத்துக்குள் வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றும் சொன்னார். சாப்பாட்டுக்கடையை அடுத்த வீட்டு அக்கா எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மாமாவின் பதில் வந்ததும் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று அத்தை நாள் குறித்திருந்தாள்.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. பாட்டிலில் ஒட்டுகிற லேபிளை என்னை எழுதச் சொல்லியிருந்தாள் அத்தை. ஸ்கெட்ச் பேனாவால் நாற்பது லேபிள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பழம் வரைந்து, பழத்துக்கு ரெண்டு இலையும் போட்டேன். என் கையெழுத்து ரிசார்ட்டின் கண்ணாடி அலமாரியில் நிற்கப் போகிறது என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பாட்டிலை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துப் பார்த்தார். ஒரு பாட்டிலைத் தீர்த்துவிட்டு, இன்னொன்றை நாலு நாள் சும்மா உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மீன் கழுவிக்கொண்டே மூன்று கேள்விகளைச் சொன்னார்.

“மூடின பாட்டில அடுப்புப் பக்கத்துல பத்து நாள் வச்சுப் பாத்தாளா? அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தா கலக்குறது யாரு? இது ஓட ஆரம்பிச்சா யாருட்ட குடுக்கப் போறா?”

மூன்றாவது கேள்வியில்தான் எனக்குக் கொதித்துவிட்டது. இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் யாரிடம் கொடுப்பது என்று கேட்கிறாரே, இவரைப்போல வேறு யாரும் ஒரு நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்க முடியாது என்று நினைத்தேன். பஸ்ஸில் கேள்விகளை மனப்பாடம் செய்யவில்லை. லேபிள்களைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

நான் போய் இறங்கியபோது அத்தை கொட்டகையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே, மாமா என்ன கேட்டார் என்றாள்.

“நல்லாருக்குன்னு சொன்னாரு” என்றேன்.

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“கேள்வி ஒண்ணும் கேக்கலியா?”

“இல்ல.”

அவள் என்னைத் தூக்கிச் சுற்றுவாள், லேபிள் ஒட்டச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். இல்லை என்றேன். சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். சாப்பிடுகிறார் என்றேன். அன்று மதியம் சோறு அடிபிடித்தது. அந்தக் கடையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே தின்றார்கள்.

வீட்டில் அப்பா விஷயம் கேட்டுவிட்டுப் பதறிப்போனார். மாமாவே நல்லாருக்கு என்று சொல்லிவிட்டாரா, அப்படியானால் அது உருப்பட்ட மாதிரிதான் என்றார். தன் வாழ்க்கையில் அவர் நல்லாருக்கு என்று நினைத்தது நான்குதான், நான்கும் என்ன ஆயின என்று ஊருக்கே தெரியும் என்றார். அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

ஞாயிறு காலை அடுத்த வீட்டு அக்கா சாவி வாங்க வந்தாள். ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்று அத்தை அனுப்பிவிட்டாள். லேபிள்கள் பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தன. காந்தலூரிலிருந்து வந்து இறங்கியிருந்த பழ மூட்டைகள் சுவரோரம் வாடத் தொடங்கியிருந்தன. அந்த வாசனையில் எனக்குத் தலை சுற்றியது. நான்தான் நல்ல சேதி கொண்டுவந்தேனே, இவளுக்கு என்ன ஆயிற்று? அத்தை வீட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டபோது மாமாவுக்கு என்று ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை.

மாமா பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டு, அத்தை என்ன சொன்னாள் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அந்த ஒன்று மட்டும் நிஜம். மூன்றுக்குமே சொல்லவில்லையா என்றார். தலையாட்டினேன். அவர் முன்னால் நடந்தார். வழியில் ஒருவர் வணக்கம் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

அந்த வாரம் மாமா வீட்டில் இருக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தார். மதிலில் உட்கார்வார், எழுந்து கேட் வரைக்கும் போவார், திரும்புவார். செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டார், அத்தைக்குக் கோபமா என்று. இல்லை என்றேன். புதன்கிழமை, வேறு யாரிடமாவது கேட்கிறாளா, அந்த லாட்ஜ்காரரிடமா என்றார். தெரியாது என்றேன். மாமி அவரைப் பார்த்து, உங்களுக்கு என்ன பிரசவ வலியா, ஒரு இடத்தில் உட்காருங்கள் என்று அதட்டினாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு மாமா பிஸ்கட்டை நீட்டினார்.

சனிக்கிழமை காலை என்னைப் பஸ் ஏற்ற வந்தவர், தானும் ஏறிவிட்டார். சந்தன நிறச் சட்டை ஒன்று, ஹோட்டல் திறந்த அன்று தைத்தது, அதைப் போட்டிருந்தார். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பள்ளிவாசல் வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் இப்போதே இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. ரிசார்ட்டுக்காரர் சொன்ன கெடு அன்று சாயங்காலம். சாறு எடுத்து அடைக்க வேண்டுமென்றால் அத்தை விடியும்போதே அடுப்பு மூட்டியிருக்க வேண்டும்.

மூணாறில் இறங்கினோம். எதிரே சித்திரபுரம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றது அத்தை. கையில் துணிப்பை. எங்களைப் பார்த்ததும் காலை இறக்கினாள். கண்டக்டர் விசிலடித்தார், பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அத்தைதான் பேச்சைத் தொடங்கினாள்.

“என்னக் கை கழுவிட்டீங்களா அத்தான்?”

“நானா? மூணு கேள்வி அனுப்பிச்சேன். நீதான் பதிலே இல்லாம...”

மாமா பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் குனிந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். எனக்கு அழுகை வெடித்தது. அழுதுகொண்டே மூன்று கேள்விகளையும் ஒப்பித்தேன். மனப்பாடம் செய்யாமலே அவை ஒரு சொல் பிசகாமல் எனக்குள் இருந்திருக்கின்றன.

முதல் கேள்வியைக் கேட்டதும் அத்தை துணிப்பைக்குள் கையை விட்டாள். மாமாவிடம் காட்ட என்று, முதன்முதலில் செய்த ஆறில் மிச்சமிருந்த ஒரு பாட்டிலை எடுத்து வந்திருந்தாள். மூடி கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. அவள் தொட்டுத் திருப்புவதற்குள் டப்பென்று பறந்தது. நுரை பொங்கி என் முகத்திலும் சட்டையிலும் மாமாவின் ஹோட்டல் சட்டையிலும் அடித்தது. டிக்கெட் வாங்க நின்றவர்கள் விலகி ஓடினார்கள். புளித்த வாடை. நாற்பது பாட்டிலும் அந்த ரிசார்ட்டின் கண்ணாடி அலமாரியில், என் கையெழுத்தோடு, வரிசையாக வெடிப்பதை நான் நினைத்துப் பார்த்தேன். சாவி போயிருக்கும், கடை போயிருக்கும், அத்தையின் பேரும் போயிருக்கும்.

அத்தை காலி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். கெடு அன்றைக்குத்தான், அந்த வியாபாரம் அவ்வளவுதான், பழ மூட்டைகளும் வீண். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வாரமாகப் பேய் பிடித்தவள்போல நடந்துகொண்டிருந்தவள் அங்கே கிடந்த சிமெண்டுப் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவள் உட்கார்ந்து பார்த்தேன்.

“பயந்துபோயிட்டேன் அத்தான். நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்கன்னு இவ சொன்னதும், சரி, நான் இனி தேற மாட்டேன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சுட்டேன்.”

அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லு என்றார் மாமா. அவளும் அவரும் பேசத் தொடங்கினார்கள். இரண்டு சின்னக்கானல் ஜீப்புகள் எங்களுக்காக நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன. சர்பத்தை அத்தை பிறகு பாட்டிலில் அடைக்கவே இல்லை. கொட்டகைக்கு எதிரில் பழத்தைக் கண்ணெதிரே வெட்டி, சோடா ஊற்றிக் கலக்கிக் கொடுத்தாள். அதுவும் ஓடியது. அதையும் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாள். இப்போது காந்தலூரில் ஏழாவது தொழிலோ எட்டாவதோ நடக்கிறது. மகளிர் குழுக் கூட்டங்களில் அவளை மேடையேற்றி வெற்றிக்கு என்ன வழி என்று கேட்கிறார்கள். அவள் பாதிப் பேச்சில் மைக்கை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று இறங்கிவிடுகிறாள்.

அன்று பேச்சின் நடுவில் மாமா எழுந்து, துண்டைக் குழாயில் நனைத்து வந்து என் முகத்தைத் துடைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தார். அவர் திட்டப்போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் மெல்லத்தான் பேசினார்.

“நான் நாலு தொழில் தொடங்கினேன்ல? நாலுக்கும் எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. ஒன் அம்மா, ஒன் அப்பா, மாமி, எல்லாருமே. ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல.”

நான் கண்ணைத் திறந்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் மாமாவிடம் அவ்வளவு பிரியமாக இருந்திருக்கிறார்களே என்று எனக்கு அன்று பெருமையாக இருந்தது.